பாட்டாவின் வயிறும் எவரெஸ்ட் டாக்டரும்

போன மாதம் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டேன். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, பல்லுக்கிடையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகி, கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிஷம்தான். அதற்குள் குலதெய்வங்கள் எல்லாம் கண்முன்னே வந்து போய்விட்டன. முடிவு: முன்சிறுகுடலில் சின்னதாக ஒரு புண், கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. பதினாலு நாள் மாத்திரை. அவ்வளவுதான்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஹைதராபாத் வந்து பதினேழு வருஷம் ஆகிறது. கடைசி நாலு வருஷமாக, வயிறு எரிந்தால் மெடிக்கலில் ஒரு அட்டை ஒமெப்ரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினேன். ஆபீஸில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஆந்திரா காரம், கூடவே டென்ஷன். நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி? நான் பாட்டாவைப் பார்த்து வளர்ந்தவன்.

(எங்கள் குமரி மாவட்டத்தில் தாத்தாவைப் பாட்டா என்போம்.) அவர் மேல்வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்பு உண்டு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டும், படபடப்பு வரும், திண்ணையில் போய்ப் படுத்துவிடுவார். வீடே மணக்க மீன்கறி கொதிக்கும்போது அவருக்கு மட்டும் மோர் விட்ட கஞ்சி. "வயித்தக் கெடுத்தது என் நாக்குதான் மக்களே" என்பார். 1992இல் எண்பது வயதில் சாகும்வரை அதைத்தான் நம்பினார்.

அந்தத் தழும்பு 1940களில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் போட்டது. மாத்திரைக் கோர்ஸ் நடந்த அந்தப் பதினாலு நாளும் நெய்யூர் ஞாபகமாகவே இருந்தது. தேடிப் படித்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. லண்டன் மிஷன்காரர்கள் 1838இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். 1922இல் ஒரு இங்கிலீஷ் சர்ஜன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். பெயர் ஹோவர்டு சோமர்வெல். அந்த வருஷ எவரெஸ்ட் பயணத்தில் போய்விட்டு வந்த கையோடு இந்தியாவைப் பார்க்கக் கிளம்பியவர். வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், அதைச் சமாளிக்க முடியாமல் திணறிய ஒற்றை டாக்டரையும் பார்த்தார். லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். நடுவில் 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனார். இறங்கி வரும் வழியில் தொண்டை அடைத்து மூச்சே நின்றுபோக, அடைத்திருந்த சவ்வு இருமலில் பெயர்ந்து வெளியே வந்ததால் பிழைத்தார்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவர் ஏறிய மலை எங்கள் ஊர்க்காரர்களின் வயிறுதான். முன்சிறுகுடல் புண்ணுக்காக மட்டும் ஆயிரக்கணக்கில் அறுவை நடந்தது. 1936இல் டாக்டர் ஆர் என்ற சகாவோடு சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சித்த வைத்தியத்தில் குன்மம் என்று எட்டு வகை சொல்வார்கள். ஆக வயிற்று வலி நமக்குப் புதிதில்லை. ஆனால் இத்தனை பேருக்கு ஏன்?

பதில் தேடிய இன்னொருவர் குன்னூரில் இருந்தார், ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற 'சீக்கிய' எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. வயிற்றுப் புண் அதிகம் வந்தது, மரச்சீனிக் கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழை உணவைத் தின்ற எலிகளுக்கு. அதற்கடுத்து மதராஸ் ஏழை உணவு. பழி சாப்பாட்டின் மேல் விழுந்தது.

மெக்காரிசனின் அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு வந்தது. தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். இத்தனை வருஷமாக அது பாட்டாவின் வயிற்றோடு சம்பந்தப்பட்ட இடம் என்று தெரியாது!

வெளிநாட்டு டாக்டர்களும் அப்போது வேறு மாதிரி யோசிக்கவில்லை. அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்று 1910இலேயே கார்ல் ஷ்வார்ட்ஸ் சொல்லிவிட்டார். 1915இல் சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கச் சொன்னார். 1970களின் நடுவில் சிமெடிடின் மாத்திரை வந்தது. அது அமிலத்தைக் குறைத்தது, புண் ஆறியது. நிறுத்தினால் திரும்ப வந்தது.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், வயிற்றுத் திசுவில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலத்தில் கிருமி வாழுமா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இளம் டாக்டர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க எத்தனையோ முறை முயன்றும் தோல்வி. 1982 ஈஸ்டர் லீவில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் விட்டுவைத்த தட்டில் அது வளர்ந்திருந்தது. இரண்டு நாளில் தட்டைத் தூக்கிப் போட்டதுதான் அதுவரை செய்த தப்பு. அப்படியும் யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. மைசூரில் பல வருஷம் சர்ஜனாக இருந்த ஃபிராங்க் டோவி ஒரு கேள்வி கேட்டார். கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவலாக இருக்க, புண் மட்டும் ஏன் அரிசி தின்னும் தெற்கில் அதிகம்? கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் காரமும் கவலையும் வலியைக் கூட்டலாமே தவிர, பாட்டா நினைத்த மாதிரி நாக்கு மட்டுமே குற்றவாளி இல்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிற கிருமி அது. எனக்கும் ஊரில் சின்ன வயதில் வந்ததாகத்தான் இருக்கும். பாவம், ஆந்திரா ஊறுகாய்!

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என்னை மாதிரி வருஷக்கணக்கில் அட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். முட்டிவலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி போடும் வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே சொல்லிவிட்டது. கோர்ஸைப் பாதியில் விடாதீர்கள். முடித்து நாலு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

எனக்கு அது அடுத்த மாதம். நல்ல ரிசல்ட் வந்தால் ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருக்கிறேன். அவித்த மரச்சீனியும் மீன்கறியும் செய்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் இப்போதே சொல்லியாயிற்று. பாட்டாவின் பங்கையும் சேர்த்து.