மேலிருந்து பார்த்தால் கூடை தெரியாது

   

ஆழிப்பேரலையின் அழிவை உள்ளபடி காட்டியது வானத்துப் பார்வையா, தரைப் பார்வையா? இதுதான் தலைப்பு. தரைப் பார்வையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அருமையாகப் பேசினார். அவர் சொன்ன செய்திகளை நான் மறுக்கப் போறதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா பக்கத்திலே கடலடியில் நிலநடுக்கம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை நம்ம கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கு மேல். நம்ம கடலூர் மாவட்டத்தில் 600க்கு மேல். இத்தனை நீளக் கரையை நடந்து பார்த்துக் கணக்கெடுத்தால் எத்தனை நாள் ஆகும்? ஹெலிகாப்டரும் செயற்கைக்கோளும்தான் உடனே காட்டின. நிக்கோபாரிலே இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கம் கடல் நீரில் நிற்பதையும் காட்டின. ஒத்துக்கிறேன்.

அந்தமானிலே சென்டினல் தீவு மக்கள் பிழைத்தார்களா என்று பார்க்கக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரை அனுப்பியது. "வானம்தானே கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் நண்பர். ஐயா, என்ன நடந்தது? கீழேயிருந்து ஒருத்தன் ஓடி வந்து ஹெலிகாப்டரைப் பார்த்து வில்லை வளைச்சான்! நான் உயிரோடதான் இருக்கேன், நீ போய்ட்டு வான்னு தரையிலே நின்னவன் சொன்ன பிறகுதானே மேலே பறந்தவருக்கே தெரிஞ்சது! (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம பிச்சாவரத்துக்கு வாங்க. அலைக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலூர்க் கரையை ஆராய்ந்து, 2005இல் சயன்ஸ் என்ற ஆய்வு இதழில் கட்டுரை எழுதினார்கள். சதுப்புநிலக் காட்டை ஒட்டி 5 ஊர்கள். கடல் ஓரத்தில் இருந்த 2 ஊர்கள் அடியோடு போயின. காட்டுக்குப் பின்னால் இருந்த 3 ஊர்கள் தப்பித்தன. பெரிய செய்திதான். ஆனால் தப்பித்தது காட்டினால் மட்டுமா, ஊர் கடலைவிட்டுத் தள்ளி மேட்டில் இருந்ததாலா என்று பிறகு வேறு அறிஞர்கள் கேட்டார்கள். இதற்கு விடை சொல்லப் படம் மட்டும் போதாது. தரையில் இறங்கி மேடு பள்ளம் பார்க்க வேண்டும். அலை எதுவரை ஏறியது என்று ஊர்க்காரரைக் கேட்க வேண்டும்.

அந்தக் காட்டுக் கால்வாய்களிலே இடுப்பளவு நீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருளர்கள். மேலிருந்து பார்த்தால் பச்சைக் காடு தெரியும். அந்தப் பச்சைக்குக் கீழே குனிந்து நிற்கிற மனிதன் தெரிவானா?

உங்களுக்குச் சொல்லியா தெரியணும்? பக்கத்திலே நெய்வேலி. மேலே பறந்து பார்த்தால் சுரங்கம் எவ்வளவு பெரிசுன்னு தெரியும். அதுக்கு நிலத்தைக் கொடுத்தவன் இன்னைக்கு எந்தத் தெருவிலே குடியிருக்கான்னு தெரியுமா? (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நாடியே இதுதான். எது கண்ணில் படுகிறதோ அது கணக்கில் ஏறும். எது கணக்கில் ஏறுகிறதோ அதற்குத்தான் நிவாரணம். உடைந்த படகு மேலிருந்தே தெரியும். ஆகவே தொழிலுக்கான உதவி பெரும்பாலும் படகு, வலை, எஞ்சின் என்றே போனது. சில ஊர்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் பெருகிவிட்டன! ஆனால் கூலிக்குக் கடலுக்குப் போனவன்? கூடையைத் தலையில் தூக்கி, பஸ் ஏறி, உள்ளூர்த் தெருக்களில் மீன் விற்கிற அம்மா? அவங்க முதல் என்ன? ஒரு கூடை, ஒரு தராசு, விடியக்காலையில் வட்டிக்கு வாங்கின கொஞ்சம் பணம், தெருவிலே நிலுவை நிற்கிற கடன். அலை அத்தனையையும் அடிச்சிட்டுப் போச்சு. எந்த வானூர்திக்கு அது தெரியும்? நாலு வீடு தள்ளி இருக்கிற பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கடலூருக்கு வடக்கே, புதுவைப் பகுதியில் நல்லவாடு. சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துப் பதறி, ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியிலே எச்சரித்தார்கள். 3,000க்கு மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பு அந்த ஊரைக் காப்பாற்றியது ஒரு மனுஷன் குரல்!

நான் தமிழ் ஆசிரியன். கடைசியாக ஒரு தமிழ்ச் செய்தி. மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்ற பரதவரைச் சிலம்பு காட்டுகிறது. அந்தப் புகாரைக் கடல் கொண்ட கதையை மணிமேகலை சொல்கிறது. கடலில் காணாமற்போன மகனைத் தேடி அலைந்த சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான், நகரம் மூழ்கியது என்கிறது. மன்னன் தன் மகனைத் தேடினான், காப்பியத்தில் ஏறியது. மருவூர்ப்பாக்கத்து மீன்காரி தன் மகனை எங்கே தேடினாள்? யாரும் எழுதி வைக்கவில்லை.

2004க்கும் அந்தக் குறை வரக்கூடாது. வானத்துப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவை கரையைக் காட்டும், கூடையைக் காட்டாது. கூடையை இழந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளைக் காலையில் மீன் வாங்கும்போது, "அன்னைக்கு என்னம்மா நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் வரலாறு. அந்த வரலாற்றைத் தருவது தரைப் பார்வையே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.