அந்த முதல் மூணு வருஷம் எங்கே போச்சு?

இந்த எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். உங்க வாழ்க்கையோட முதல் ஞாபகம் எதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஆல்பத்தில் பார்த்தது கணக்கில் வராது. அம்மா சொல்லிக் கேட்டதும் வராது. நீங்களே பார்த்து, உங்க மனசில் நிற்கிற ஒரு காட்சி வேணும்.

எனக்கு இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் என் அத்தை பையன் எங்க பழைய வீட்டைப் பற்றிப் பேசிக்கிட்டே போறான். கிணத்தடி, கொல்லையில் இருந்த கொய்யா மரம், அஞ்சு வயசில் நான் அதிலிருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டது. நான் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. அன்னைக்கு ராத்திரி ஃபோனில் தேடினா, "சின்ன வயசு ஞாபகம் இல்லையா? அப்போ ஏதோ நடந்திருக்கு, மனசு அதை மறைக்குது"ன்னு வரிசையா வீடியோக்கள் வந்தது. தூக்கமே போயிடுச்சு.

இந்த 'மனசு மறைக்குது' என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? இன்னைக்கு அந்த வரலாறுதான்.

1890-களுக்குப் போவோம். மனதை அறிவியல் முறைப்படி ஆராயலாம் என்ற எண்ணம் அப்போதான் சூடு பிடிக்குது. அமெரிக்காவில் கரோலின் மைல்ஸ் என்பவர் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து, 'உறுதியாக நினைவிருக்கும் முதல் விஷயம் எது?' என்று அதில் கேட்டார். வந்த பதில்களின் சராசரி, ஏறக்குறைய மூணு வயசு. பிரான்ஸில் விக்டர் ஆன்ரி, காத்ரீன் ஆன்ரி என்ற தம்பதி இதே கேள்வியை அச்சிட்டு அனுப்பினார்கள். பதில் எழுதியவர்கள் 123 பேர். பெரும்பாலானவர்களின் முதல் ஞாபகம் இரண்டு வயசுக்கும் நாலு வயசுக்கும் நடுவில் இருந்தது.

அதில் ஒரு பேராசிரியரின் பதில் விசித்திரமானது. அவருக்கு மூணு, நாலு வயசு இருக்கும்போது பாட்டி இறந்துபோனார். குழந்தை ரொம்பவே உடைஞ்சு போச்சுன்னு அவருடைய பெற்றோர் சொல்றாங்க. ஆனா அவருக்கு அந்தச் சாவு ஞாபகமே இல்லை. அந்த நாட்களிலிருந்து மனசில் நிற்பது ஒண்ணே ஒண்ணுதான்: சாப்பாட்டு மேஜை மேல், ஒரு பாத்திரத்தில் ஐஸ்.

பாட்டி மறந்துபோச்சு, ஐஸ் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? வியன்னாவில் இதைப் படித்த ஒருத்தரை இந்தக் கேள்வி விடவே இல்லை. அவர்தான் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

1899-இல் ஃப்ராய்ட் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயசு ஞாபகங்களில் சில, வெறும் திரைகள். முக்கியமான வேறொன்று அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு 38 வயது நோயாளி ஒருவரின் ஞாபகத்தைச் சொன்னார். மஞ்சள் பூக்கள் நிறைந்த ஒரு புல்வெளி. இரண்டு பையன்கள் ஒரு சின்னப் பெண்ணின் கையிலிருந்து பூக்களைப் பிடுங்குகிறார்கள். அவள் அழுதுகொண்டே ஓட, ஒரு கிராமத்துப் பெண் அவளுக்கு ரொட்டி கொடுக்கிறாள்.

அந்த நோயாளி யார் தெரியுமா? ஃப்ராய்டேதான்! மூணு வயசில் ஊரை விட்டு வந்த தன் சொந்த ஞாபகத்தை, வேறொருத்தர் கதை மாதிரி எழுதியிருந்தார். அவர் இறந்த பிறகு, 1946-இல் பெர்ன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

1905-இல் ஃப்ராய்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆறு, எட்டு வயசு வரைக்குமான காலத்தை நாம் மறக்கக் காரணம், அந்த வயதின் பாலியல் உணர்வுகளை மனசு அழுத்தி வைப்பதுதான் என்றார். அதாவது ஞாபகம் அழியவில்லை, பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பூட்டு இருந்தால் சாவியும் இருக்கணும் இல்லையா? சாவியோட வருபவர் மருத்துவர்.

இந்த எண்ணத்துக்குப் பின்னாளில் பலர் விலை கொடுத்தார்கள். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் அமெரிக்காவில் சில சிகிச்சையாளர்கள், 'உங்களுக்கு ஞாபகம் இல்லாததே ஒரு அறிகுறி' என்று சொல்லி, மறந்த ஞாபகங்களைத் 'தோண்டி எடுக்க' ஆரம்பித்தார்கள். வந்த 'ஞாபகங்களை' நம்பிக் குடும்பங்கள் உடைந்தன. கோர்ட் வரை வழக்குகள் போயின.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 24 பேரிடம் அவர்கள் சின்ன வயசில் நடந்த மூணு நிஜச் சம்பவங்களோட, ஒரு பொய்ச் சம்பவத்தையும் சேர்த்துக் கொடுத்தாங்க. 'நீ கடைத்தெருவில் தொலைந்து போனாய்' என்பதுதான் அந்தப் பொய். ஏறக்குறைய நாலில் ஒருத்தர், நடக்காத அந்தச் சம்பவம் முழுசாகவோ கொஞ்சமாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்.

குழந்தை உளவியலில் பெரிய பெயரான ஜான் பியாஜேவே இதில் மாட்டியவர்தான். தன்னைக் குழந்தை வண்டியிலிருந்து கடத்தப் பார்த்ததையும், ஆயா போராடிக் காப்பாற்றியதையும் அவர் கண்ணால் பார்த்த மாதிரி ஞாபகம் வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது அந்த ஆயாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் கதை முழுக்கப் பொய் என்று எழுதி, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். குழந்தைகளுக்கு எதிரான வன்முறை நிஜம். அதை ஞாபகம் வைத்திருப்பவர்களின் பேச்சைச் சந்தேகிக்க இது காரணம் ஆகாது. ஆனா ஞாபகம் இல்லை என்பது மட்டுமே எதற்கும் சாட்சி ஆகாது.

சரி, பூட்டு இல்லைன்னா நிஜமாவே என்ன நடக்குது?

ஒரு பதில் மூளையில் இருக்கு. 2014-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளை வைத்துக் காட்டியது இது: ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில், சின்ன வயசில் புது நரம்பு செல்கள் வேகமா உருவாகின்றன, அவை வந்து சேரும்போது பழைய இணைப்புகள் கலைந்து போகின்றன. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரில் படம் மாட்டுவது மாதிரி.

இன்னொரு பதில் மொழியில் இருக்கு. நியூசிலாந்தில் சின்னக் குழந்தைகளுக்கு, பொம்மையைப் போட்டால் குட்டியாக்கித் தரும் ஒரு 'மந்திர மெஷின்' காட்டினார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது குழந்தைகளுக்கு அதற்குள் நிறைய வார்த்தைகள் தெரியும். ஆனா பார்த்த அன்றைக்குத் தெரியாத ஒரு வார்த்தையைக்கூட அதைச் சொல்ல அவர்கள் பயன்படுத்தவில்லை.

மூணாவது பதில்தான் எனக்குப் பிடிச்சது. அதே நியூசிலாந்தில் 2000-இல் வந்த ஓர் ஆய்வில், மாவோரி மக்களின் முதல் ஞாபகம் சராசரியாக மூணு வயசுக்கும் முன்னால் போனது. ஐரோப்பிய வம்சாவளியினருடையது அதைவிடப் பிந்தியது. பழசைச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் மாவோரிப் பண்பாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது: நடந்ததைப் பற்றிக் குழந்தையோடு விரிவாகப் பேசிய அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு இன்னும் சின்ன வயசு ஞாபகங்கள் இருந்தன.

இதைப் படிச்ச அன்னைக்கு அத்தைக்கு ஃபோன் போட்டேன். "ஏன்டா, அன்னைக்கு நீ அழவே இல்ல, மரத்தை வெட்டிடாதீங்கன்னுதான் கத்தின"ன்னு சொன்னாங்க. இப்போ அந்தக் காட்சி எனக்குக் கண்ணுக்குள்ள தெரியுது. ஆனா அது என் ஞாபகம் இல்லை, அத்தையோடது. அப்படியே லேபிள் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

உங்க வீட்டிலும் யாராவது இருப்பாங்க. இந்த வாரம் ஒரு ஃபோன் போடுங்க. முடிஞ்சா அவங்க சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ணி வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.