ஷோலே, ஆக் திரைப்படங்களின் ஒப்பீடு

ஷோலே (பொருள்: தீப்பிழம்புகள்) 1975 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த இந்தித் திரைப்படமாகும். சலீம்-ஜாவேத் இரட்டையர் எழுத, ரமேஷ் சிப்பி இயக்கினார், ஜி. பி. சிப்பி தயாரித்தார். இதன் கதையைத் தழுவி ராம் கோபால் வர்மா இயக்கிய ராம் கோபால் வர்மா கி ஆக் (சுருக்கமாக ஆக், பொருள்: தீ) 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளிவந்தது. முன்னது இந்தியத் திரைப்பட வரலாற்றின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. பின்னது வணிக ரீதியாகத் தோல்வியடைந்தது.

படவகை

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்ட படங்கள் தமிழ்நாட்டில் கௌபாய் படங்கள் என அழைக்கப்படுகின்றன. சட்டம் எட்டாத ஊர், அதைச் சூறையாடும் கூட்டம், ஊரைக் காக்க வரும் அந்நியர் ஆகியவை இவற்றில் அடிக்கடி காணப்படும் கூறுகள். அகிரா குரோசாவாவின் செவன் சாமுராய் (1954) என்ற சப்பானியப் படம், அமெரிக்காவில் தி மேக்னிபிசென்ட் செவன் (1960) என்னும் கௌபாய் படமாக மாறியது. இவ்விரண்டின் தாக்கமும் ஷோலேயில் உண்டு. தாக்கூரின் குடும்பம் கொல்லப்படும் காட்சி, செர்சியோ லியோனியின் ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட் (1968) படத்தை நினைவூட்டுவது.

பொதுவான கதை

முன்னாள் காவல் அதிகாரி ஒருவரின் குடும்பத்தினரைக் கொள்ளையன் ஒருவன் கொன்று, அவரையும் ஊனமாக்குகிறான். அவனைப் பிடிக்க அந்த அதிகாரி துணிச்சல் மிக்க இரு இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்.

கதைமாந்தரும் நடிகர்களும்

- அதிகாரி: தாக்கூர் பல்தேவ் சிங் (சஞ்சீவ் குமார்); நரசிம்மா (மோகன்லால்)
- கொள்ளையன்: கப்பர் சிங் (அம்ஜத் கான்), பப்பன் (அமிதாப் பச்சன்)
- இளைஞர்கள்: ஜெய் (அமிதாப் பச்சன்), வீரு (தர்மேந்திரா), ராஜ் (பிரசாந்த் ராஜ்), ஹீரோ (அஜய் தேவ்கான்)
- கைம்பெண்: ராதா (ஜெயா பாதுரி), துர்கா (சுஷ்மிதா சென்)
- வண்டியோட்டும் பெண்: பசந்தி (ஹேமமாலினி), குங்ரு (நிஷா கோத்தாரி)

முதற் படத்தில் நாயகருள் ஒருவராக நடித்த அமிதாப் பச்சனே இரண்டாவதில் கொள்ளையனாக நடித்தது குறிப்பிடத்தக்கது.

முக்கிய வேறுபாடுகள்

களம்: ஷோலேயின் ராம்கர் கிராமம், கர்நாடகத்தின் ராமநகரப் பாறைக் குன்றுகளிடையே அமைக்கப்பட்டது. அவ்வூரில் மின்சாரம் இல்லை. மாலைதோறும் ராதா விளக்குகளைப் பேணுவதும் ஜெய் தொலைவில் அமர்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பதும் அவர்களது சொல்லப்படாத காதலைக் காட்டுகின்றன. காவலர் எளிதில் எட்டாத ஊர் என்பதால், தாக்கூர் திருடர்களை நாடுவது இயல்பாகத் தோன்றுகிறது. ஆக் இக்கதையை மும்பையை ஒட்டிய காளிகஞ்சுக்கு மாற்றியது. குதிரைவண்டி ஆட்டோவானது, கைம்பெண் மருத்துவரானார். ஆயினும் பெருநகரின் அருகே, கதைக்கு அடிப்படையான தனிமை நீங்கிவிடுகிறது. அதிகாரி கூலியாட்களைத் தேடுவதற்கான காரணமும் இதனால் வலுவிழக்கிறது.

ஊனம்: தாக்கூர் இரு கைகளையும் இழக்கிறார். போர்வைக்குள் மறைந்துள்ள இந்த உண்மை படத்தின் நடுவில்தான் வெளிப்படுகிறது. இறுதியில் அவர் ஆணி பதித்த காலணிகளால் போரிடுவதற்கும் இதுவே காரணம். நரசிம்மா இழப்பது விரல்களை மட்டுமே.

முடிவு: முதலில் படமாக்கப்பட்டபடி தாக்கூர் கப்பரைக் கொன்றுவிடுகிறார். நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கைக் குழு இதை ஏற்கவில்லை. ஆகவே காவலர் வந்து தடுக்க, கப்பர் அவர்களிடம் ஒப்படைக்கப்படுவதாக முடிவு மாற்றப்பட்டது. சட்டம் இல்லாத ஊரின் கதை சட்டத்தின் வருகையோடு முடிய நேர்ந்தது இவ்வாறே. மூல முடிவுடன் மீட்டமைக்கப்பட்ட பதிப்பு 2025 சூன் மாதம் இத்தாலியின் பொலோஞா நகரில் திரையிடப்பட்டது.

வரவேற்பு

ஷோலே தொடக்கத்தில் மந்தமாகவே ஓடியது. பின்னர் மும்பை மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதன் வசனங்கள் தனி இசைத்தட்டாகவும் விற்பனையாயின. பிலிம்பேர் விருதுகளில் இதற்குக் கிடைத்தது படத்தொகுப்பு விருது (எம். எஸ். ஷிண்டே) மட்டுமே; எனினும் 2005 இல் 50 ஆண்டுகளின் சிறந்த படமாக பிலிம்பேர் இதனைத் தேர்ந்தெடுத்தது. ஆக் படத்தை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர்.

வழக்கு

ஆக் முதலில் ராம் கோபால் வர்மா கே ஷோலே எனப் பெயரிடப்பட்டிருந்தது. உரிமையாளர்களின் எதிர்ப்பால் பெயர் மாற்றப்பட்டது. எனினும் வழக்குத் தொடர்ந்தது. கதை, கதைமாந்தர், இசை, வசனங்கள் ஆகியவற்றை ஒத்தெடுத்தது பதிப்புரிமை மீறல் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது.

தமிழில்

தமிழில் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த கங்கா (1972), ஜக்கம்மா (1972) ஆகியவை ஷோலேக்கு முன்பே வெளிவந்த கௌபாய் பாணிப் படங்களாகும். சிம்புதேவனின் இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் (2010), இம்மரபு முழுவதையும் நகைச்சுவையாக நினைவுகூர்கிறது. அதில் வரும் ஊர்களின் பெயர்களில் ஜெய்சங்கர்புரமும் ஷோலேபுரமும் உண்டு. பழைய படத்தை மீண்டும் எடுக்காமலே அதற்கு மரியாதை செய்யும் வழிக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.