மூச்சில் ஏறும் மருந்து: கருவியும் பயிற்சியும்

ஊமத்தைச் செடியை அறியாத தமிழர் இலர். அந்த இனத்துச் செடியொன்றின் வேரை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு நோய் தணியும் என்பது சென்னைப் பகுதியில் வழங்கிய வைத்தியம். அங்கே மருத்துவத் தலைவராய் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக இதனை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பார், 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். ஊமத்தைச் சுருட்டுகள் 20-ஆம் நூற்றாண்டிலும் அந்நாட்டு மருந்துக் கடைகளில் விலைபோயின.

இதற்கு முன்பே, 1778-இல், பிளிமத் நகர மருத்துவர் ஜான் மட்ஜ், மூடியில் குழல் பொருத்திய வெள்ளீயக் குவளையில் ஆவி பிடிக்கும் கருவியை விவரித்து, அதற்கு ‘இன்ஹேலர்’ என்று பெயரிட்டார். புகையாயினும் ஆவியாயினும் குறை ஒன்றே. நோயாளியின் உள்ளே சென்ற மருந்து எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊமத்தையோ நச்சுச் செடி. அதன் திறத்தில் இது சிறு குறையன்று.

அளவு கிடைத்தது ஒரு சிறுமியின் கேள்வியால் எனலாம். அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிலையத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு இழுப்பு உண்டு. கூந்தலுக்கு அடிக்கும் தைலத்தைப்போல இம்மருந்தையும் டப்பாவில் அடைக்கலாகாதா என்று அவள் 1955-இல் கேட்டாள். மறு ஆண்டே அத்தகைய டப்பா விற்பனைக்கு வந்தது. வாசனைத் தைலப் புட்டிக்கென அமைந்த அடைப்பிதழ், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரே அளவான மருந்தை வெளியிட்டது.

வெளியே வந்தது முழுதும் நுரையீரலை அடையுமா? அடையாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துகளே ஆழச் செல்லும். பெரியது தொண்டையில் ஒட்டிவிடும். மூக்கில் அடிக்கும் மருந்துக்குக் கணக்கு வேறு: பெருந்துளிகளே மூக்கில் தங்கும்.

இதனை அளக்கும் கருவிக்கு வழிகாட்டியது, 1958-இல் ஆண்டர்சன் என்னும் வேறொருவர் காற்றிலுள்ள கிருமிகளைப் பிடிக்க அமைத்த அடுக்குத் தட்டுக் கருவி. வளைவில் விரைந்து வரும் பாரவண்டி திரும்பமாட்டாமல் ஓரத்தில் மோதும், மிதிவண்டி திரும்பிவிடும். அவ்வாறே பெருந்துகள் மேல் தட்டிலும் நுண்துகள் கீழ்த் தட்டிலும் படியும். பிற்காலத்தில் உலோகத் தொண்டை ஒன்றைப் பொருத்தி, தட்டுகளைக் கழுவி, படிந்த மருந்தை அளந்தனர். 2000-ஆம் ஆண்டில் பல மருந்து நிறுவனங்கள் கூடி ஏழு நிலைகளுள்ள புதுக்கருவியையும் செய்வித்தன.

ஆனால் சோதனைக் கூடத்துப் பம்பு சீராக இழுக்கும். நோயாளி அப்படி இழுப்பதில்லை. 1975 முதல் 2014 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கட்டுரையொன்று, நூற்றுக்கு 31 பேரே சரியாகப் பயன்படுத்தினர் என்கிறது. நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லையாம்! சொல்லித்தரும் மருத்துவர், தாதியர் பலரும் பிழை செய்வது பிற ஆய்வுகளில் தெரிந்தது. தாம் செய்து காட்டாமலும், மாணவனைச் செய்து காட்டச் சொல்லாமலும் நடத்திய பாடத்துக்கு வேறு பலன் ஏது?

மருந்தில்லாப் பயிற்சி டப்பாக்களும் ஊதல்களும் பிறந்தது இக்குறையை நீக்கவே. ஊதல் ஒன்றில், மூச்சை மெல்ல இழுத்தால் ஒரு சுரம் கேட்கும். பதறி இழுத்தால் இரண்டு கேட்கும். போதாத இழுப்புக்கு ஒலியே இராது. எழுத்தறியாத முதியவரும் தம் பிழையைத் தம் காதாலேயே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.