நாடு என்னும் சொல்லும் வாக்குச் சீட்டும்
1967 பொதுத்தேர்தலை முன்வைத்துச் சில எண்ணங்கள்

குண்டாற்றின் கரையில் அமைந்த தொன்மையான ஊர் கமுதி. சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையின் எச்சம் இன்றும் அங்குண்டு. கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் சிற்றூர்கள், மிளகாயும் பருத்தியும் விளையும் நிலங்கள், இடையிடையே பனங்காடுகள் என விரியும் இவ்வட்டாரத்தில் ‘நாடு’ என்னும் சொல் தேர்தல்தோறும் வெவ்வேறு பொருளில் ஒலித்திருக்கிறது. தேசியம் பேசிய தலைவர்களைப் பற்றி நூல்கள் பல உள. அப்பேச்சைக் கேட்டு வாக்களித்த மக்கள் அதற்கு என்ன பொருள் கொண்டனர் என்பது அத்துணை ஆராயப்படவில்லை. அவ்வினாவுக்கு விடை தேட 1967 பொதுத்தேர்தல் பெரிதும் துணை செய்யும்.

அத்தேர்தலுக்கு முன்பே இம்மண் தேசிய அரசியலில் பயிற்சி பெற்றிருந்தது. சொத்தும் வரியும் கல்வியும் உடையோர்க்கே பெரிதும் வாக்குரிமை இருந்த 1937ஆம் ஆண்டுத் தேர்தலில், காங்கிரசு வேட்பாளராக நின்ற பசும்பொன் உ. முத்துராமலிங்கத் தேவர் இராமநாதபுரம் அரசரையே தோற்கடித்தார். வாக்களித்தோர்க்கு விடுதலை என்பது வெள்ளையர் வெளியேற்றம் மட்டுமன்று. அரண்மனை ஆதிக்கத்தினின்றும், ஒரு குலத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தினின்றும் கிட்டும் விடுதலையுமாகும். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீங்கியது. இடையில் தேவர் காங்கிரசினின்று விலகிச் சுபாசு சந்திர போசின் பார்வர்டு பிளாக் கட்சியை வளர்த்தார். 1952இல் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அவரையே மக்கள் தேர்ந்தனர். கட்சி மாறியபோதும் மக்களின் எதிர்பார்ப்பு மாறவில்லை என்பதே இதனால் பெறப்படும்.

எனினும் எல்லா மக்களின் எதிர்பார்ப்பும் ஒன்றாக இருந்ததில்லை. 1957இல் தேவர் முதுகுளத்தூர்ச் சட்டமன்ற இடத்தைத் துறந்ததால் இடைத்தேர்தல் நிகழ்ந்தது. அதனை அடுத்து வட்டாரமே கலவரத்தில் மூழ்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஒடுக்கப்பட்டோர் தலைவரும் காங்கிரசுக்காரருமான இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். சில நாள்களில் கீழத்தூவலில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பெற்ற தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது. ஒரே வாக்குச் சீட்டு ஒரு சாரார்க்குக் குலப்பெருமையாகவும், மற்றொரு சாரார்க்கு ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையாகவும் விளங்கிய காலம் அது. நாடு என்னும் ஒரு சொல்லுக்குள் இத்தனை நாடுகள் அடங்கியிருந்தன.

இத்தகைய மண்ணில்தான் திராவிட நாட்டுக் கோரிக்கையும் வந்து சேர்ந்தது. 1940இல் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அதனைத் தீர்மானமாக்கிற்று. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் அதனையே குறிக்கோளாகக் கொண்டது. ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்ற முழக்கம் மேடைதோறும் ஒலித்தது. தேசியமும் தெய்விகமும் இரு கண்கள் எனக் கருதிய தேவருக்கோ, காங்கிரசாருக்கோ இக்கோரிக்கை உடன்பாடானதன்று. 1957இல் முதன்முதலாகத் தேர்தல் களம் புகுந்த கழகம் 15 சட்டமன்ற இடங்களையும், 1962இல் 50 இடங்களையும் வென்றது. 1962இல் கழகம் வளர்ந்தபோதும் அறிஞர் அண்ணா காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். அவ்வாண்டு மாநிலங்களவைக்குச் சென்ற அவர், தம் முதல் உரையிலேயே தன்னுரிமைக் கோரிக்கையை முன்வைத்தார்.

அடுத்த சில திங்களில் நிலைமை மாறியது. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற இயலும் என்னும் பொருள்பட அண்ணா பேசினார். பிரிவினைப் பரப்புரை நின்றது. 1963இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், வேட்பாளர் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி ஏற்க வேண்டும் என்றது. அவ்வாண்டே கழகம் தனிநாட்டுக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. ஆயினும் பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்று அண்ணா கூறத் தவறவில்லை. மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் என்பது கழகத்தின் கோரிக்கையாயிற்று.

குறிக்கோளைக் கைவிட்ட கட்சி தேய்ந்திருக்க வேண்டும் என எண்ணத் தோன்றும். நிகழ்ந்ததோ நேர்மாறு. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்து ஒரு திங்களே கடந்திருந்த வேளையில், 1965 சனவரியில் தமிழகமெங்கும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். அதே காலத்தில் மழை பொய்த்தது. அரிசி கிட்டாப் பொருளாயிற்று. 1966 சூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்னும் கழகத்தின் வாக்குறுதி, எந்தத் தத்துவத்தினும் விரைவாக அடுப்படிக்குச் சென்று சேர்ந்தது.

1967இல் சட்டமன்றத்தின் 234 இடங்களில் தி.மு.க. 137ஐ வென்றது. நாடாளுமன்றத்துக்கு நிறுத்திய 25 வேட்பாளரும் வென்றனர். அந்நாளில் கமுதியைப் போலவே இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த விருதுநகரில், பெருந்தலைவர் காமராசர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஊர்தோறும் பள்ளியும் மதிய உணவும் தந்தவரை அவர் பிறந்த ஊரே கைவிட்டது என்று வருந்தியோர் பலர். எனினும் அத்தேர்தலிலும் காங்கிரசு பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 41 விழுக்காடு. 174 இடங்களில் மட்டும் நின்ற தி.மு.க. பெற்றதும் ஏறத்தாழ அதே அளவே. கூட்டணியே வெற்றியைத் தந்தது. அக்கூட்டணியில் மூதறிஞர் இராசாசியின் சுதந்திராக் கட்சியும், மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும், முசுலிம் லீகும் இருந்தன. தனிநாட்டுக் கொடி இறங்கியிராவிடில் இவர்கள் ஒரு பந்தலில் கூடியிருத்தல் அரிது.

ஆகவே, வாக்காளர் தந்த தீர்ப்பைத் தனிநாட்டுக்கான ஆதரவு என்றும் கூற இயலாது. மொழி உணர்வின் மறுப்பு என்றும் கூற இயலாது. தேசியம் பேசிய கட்சியிடமிருந்து மொழிக் காப்பையும் அரிசியையும் தன்மதிப்பையும் மக்கள் எடுத்துக்கொண்டனர், எல்லைக்கோட்டை விட்டுவிட்டனர். சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடும் தீர்மானம் 1967 சூலையில் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1969 சனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. நாடு என்னும் சொல் பெயரில் வந்து அமைந்தது, பிரிவு வரவில்லை.

இதில் கவிஞர்க்கும் ஒரு பாடம் உண்டு. அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டம் இவ்வரசியலுக்குக் கவிஞர் இருவரைத் தந்தது. காரைக்குடியில் தமிழாசிரியராய் வாழ்ந்த முடியரசன், ‘திராவிட நாட்டின் வானம்பாடி’ எனப் போற்றப்பெற்றவர். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனோ 1957இல் திருக்கோட்டியூரில் கழக வேட்பாளராய் நின்று தோற்றவர், 1961இல் ஈ. வெ. கி. சம்பத்துடன் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியில் இணைந்தவர். அக்கட்சி 1962இல் ஓரிடமும் பெறவில்லை. இருவர் பாடல்களையும் ஊரார் சுவைத்தனர். ஆயினும் வாக்கினைத் தம் கணக்கின்படியே அளித்தனர். பாட்டு உணர்வை எழுப்பும். அவ்வுணர்வை எப்பெட்டியில் இடுவது என்பதை மக்களே முடிவு செய்வர்.

இராமேசுவரத்துக்கு அப்பால், பாக்கு நீரிணையின் மறுகரையில் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் வழித் தமிழ் ஈழக் கோரிக்கையை ஏற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977 பொதுத்தேர்தலில் அதற்கே ஆணை கேட்டு 18 இடங்களை வென்றது. அங்கும் முதலிற் கேட்கப்பட்டவை மொழியுரிமையும் கூட்டாட்சியுமே. 1957இலும் 1965இலும் செய்த உடன்படிக்கைகள் நிறைவேறாமற் போயின. 1983 சூலைப் படுகொலைகளை அடுத்து வந்த ஆறாம் திருத்தம், பிரிவினையை மறுத்து உறுதிமொழி எடுக்குமாறு உறுப்பினரைப் பணித்தது. மறுத்தோர் தம் இடங்களை இழந்தனர். உறுதிமொழி இரு நாட்டிலும் ஒன்று போலத் தோன்றினும் விளைவு வேறாயிற்று. இங்கே பெருங்கோரிக்கையைக் கைவிட்டவர்க்குச் சிறுகோரிக்கையின் வாயில் திறந்திருந்தது. ஆட்சிக் கட்டிலும் கிட்டியது. அங்கே சிறுகோரிக்கையின் வாயிலே முதலில் அடைபட்டது. அதன் துயரத்தை, அகதிகளாய்க் கரையேறி மண்டபம் முகாமில் தங்கியோர் முகத்தில் இக்கடற்கரை கண்டது.

தொலைவிலுள்ள சுகாட்லாந்தும் இவ்வுண்மைக்குச் சான்று. தமிழகத்தில் ஆட்சி மாறிய அதே 1967இன் நவம்பரில், ஆமில்டன் இடைத்தேர்தலில் சுகாட்லாந்து தேசியக் கட்சியின் வின்னி யூயிங் வென்றார். 1999இல் அந்நாட்டுக்குத் தனிச் சட்டமன்றம் கிடைத்தது. 2014இல் தனிநாடு வேண்டுமா எனக் கேட்டபோது 55 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். ஆயினும் மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அங்குள்ள 59 இடங்களில் 56ஐ அத்தேசியக் கட்சிக்கே அளித்தனர். 2024இல் அதனை 9 இடங்களாகக் குறைத்தனர். தம் குரலை உரக்கப் பேசுவோரை அனுப்புவது ஒன்று. வீட்டைப் பிரிப்பது வேறொன்று என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

கமுதி வட்டாரத்துக் களத்துமேட்டில் பெண்கள் சுளகு கொண்டு தவசம் புடைப்பர். பதர் காற்றோடு போகும், மணி நிற்கும். தேசியம் பேசுவோரின் சொற்களையும் வாக்காளர் அவ்வாறே புடைக்கின்றனர். அதற்கு வேண்டுவது ஒன்றே: சுளகு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அது பறிக்கப்பட்ட இடங்களில் பதரும் மணியும் ஒருங்கே எரிந்தன.