புற்றைக் காத்த பயம் சண்டியைக் காக்கவில்லை

பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பாம்புப் புற்றை இடிக்க மாட்டார்கள். மஞ்சள் துணி கட்டி, பால் வைத்துக் கும்பிடுவார்கள். முனியாண்டி குடியிருக்கும் மரத்தை வெட்ட வேண்டுமென்றால், முதலில் எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்து உத்தரவு கேட்பார்கள்.

அயர்லாந்து கிராமங்களிலும் இதே பயபக்தி உண்டு. அங்கே வயல்களின் நடுவே வட்டமான மண்கரைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் 'தேவதைக் கோட்டை' என்று பெயர். உள்ளே வசிப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல், 'நல்லவர்கள்' என்றே குறிப்பிடுவார்கள். கரையை உழுதாலோ, அங்குள்ள முள்மரத்தை வெட்டினாலோ மாடு சாகும், வீட்டில் நோய் வரும் என்பது நம்பிக்கை.

உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை கி.பி. 500 முதல் 1000 வரை விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்த இடங்கள். 40,000க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை தப்பியதற்கு இந்தப் பயமும் ஒரு முக்கியக் காரணம். 1999இல் கிளேர் மாவட்டத்தில் சாலைப் பணிக்கு வெட்டப்பட இருந்த ஒரு முள்மரத்துக்காகக் கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். மரம் தப்பியது.

நம் பக்கத்திலும் மண்மேடுகள் உண்டு. பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் வழியில், சுங்கை பத்து செம்பனைத் தோட்டத்தில் இருந்த மேடுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அகழ்ந்தது. பழங்கால இரும்பு உருக்காலைகளும் செங்கல் கட்டடங்களும் வெளிப்பட்டன. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்குதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் இந்தச் செங்கல் மேடுகளுக்கு மஞ்சள் துணி கட்டியவர் இல்லை. சுமார் 1,200 ஆண்டு பழமையானதாகக் கூறப்பட்ட 11ஆம் எண் சண்டி தனியார் நிலத்தில் இருந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக அது இடிக்கப்பட்ட செய்தி 2013 இறுதியில்தான் வெளியே தெரிந்தது.

சாமிக்குப் பயந்து காப்பது பழைய வழி. இன்று சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் என்று கருதத்தக்க எதையும் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் மண் வெட்டும்போது பழைய செங்கல் அகப்பட்டால், வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். புற்றுக்குக் காட்டும் மரியாதையில் பாதி போதும், மிஞ்சிய சண்டிகள் பிழைக்கும்.