ஆஞ்சியோகிராம் 'டை' கிட்னியைப் பாதிக்குமா? முன்கூட்டியே கணிப்பது எப்படி?

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "அந்த டை கிட்னியைக் கெடுத்துவிடுமாமே?" என்றுதான் நம்மில் பலரும் கேட்கிறோம். இந்தப் பயத்தில் அவசியமான பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. இருக்கும் நோய்களைச் சொல்லாமலேயே போய்ப் படுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை முன்கூட்டியே ஓரளவு கணக்கிட முடியும்.

டை என்ன செய்கிறது?

ரத்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தப்படும் அயோடின் கலந்த மருந்து இது. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அப்போது சிலருக்குச் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டம் குறைந்து, அதன் நுண்குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. இரண்டு நாட்களுக்குள் ரத்தத்தில் கிரியாட்டினின் உயரும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கே டயாலிசிஸ் தேவைப்படும்.

கிரியாட்டினின் மட்டும் போதாது

கிரியாட்டினின் 1.2 என்றால் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். 30 வயது ஆணுக்கு அந்த அளவு இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்) 80க்கு மேல் இருக்கும். அதே 1.2, 78 வயதுப் பெண்ணுக்கு என்றால் அந்தத் திறன் சுமார் 45தான். எனவே ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

மெஹ்ரான் மதிப்பெண்

இதய மருத்துவர் ரொக்சானா மெஹ்ரானும் அவரது குழுவினரும் 2004ல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட முறை இது:

- ரத்த அழுத்தம் மிகக் குறைந்த நிலை: 5
- இதயத்துக்கு உதவ பலூன் பம்ப் வைத்திருத்தல்: 5
- இதயச் செயலிழப்பு: 5
- 75 வயதுக்கு மேல்: 4
- ரத்தசோகை: 3
- சர்க்கரை நோய்: 3
- டை, ஒவ்வொரு 100 மில்லிக்கும்: 1
- இ.ஜி.எஃப்.ஆர் 40 முதல் 60 வரை: 2, 20 முதல் 40 வரை: 4, 20க்குக் கீழ்: 6

கூட்டுத்தொகை 5 வரை என்றால் கிரியாட்டினின் உயரும் வாய்ப்பு சுமார் 7.5 சதவீதம், 6 முதல் 10 வரை 14, 11 முதல் 15 வரை 26, 16 அல்லது அதற்கு மேல் 57 சதவீதம்.

மேலே சொன்ன 78 வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரையும் ரத்தசோகையும் இருந்து, 200 மில்லி டை செலுத்தினால்: 4+3+3+2+2 = 14. நான்கில் ஒருவருக்குப் பாதிப்பு வரும் பிரிவு அது. சர்க்கரை நோய் மட்டும் உள்ள 50 வயதுக்காரருக்கு 100 மில்லி என்றால் 4 மட்டுமே.

இந்தக் கணக்கை சாதாரண சி.டி. ஸ்கேனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. கை நரம்பில் டை செலுத்தும் ஸ்கேனில், இ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழ் உள்ளவர்களுக்கே முக்கியமாகக் கவனம் தேவை என்று அமெரிக்க ரேடியாலஜி, சிறுநீரக மருத்துவ அமைப்புகள் 2020ல் கூட்டாக அறிவித்தன.

நாம் செய்ய வேண்டியவை

1. சர்க்கரை, இதய நோய், பழைய கிட்னி பிரச்சினை, சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.
2. மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.
3. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை முன்னும் பின்னும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.
4. உடலில் நீர் வற்றக் கூடாது. நோன்பு காலம் என்றால் அதையும் சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்பாடு வைத்துக்கொள்ளும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தண்ணீரின் அளவைக் கேட்டே குடிக்க வேண்டும்.
5. ஆபத்து அதிகம் என்றால், இரண்டு நாள் கழித்து மீண்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மதிப்பெண் அதிகம் என்பதற்காகப் பரிசோதனையே கூடாது என்று பொருள் அல்ல. டையின் அளவைக் குறைக்கவும், முன்கூட்டியே சலைன் ஏற்றவும் டாக்டருக்கு அது வழிகாட்டுகிறது. மாரடைப்பு வந்த நேரத்தில் கிட்னியை நினைத்துத் தயங்குவது உயிருக்கே ஆபத்தாகிவிடும்.